கணவன், மனைவி, கணவனின் இரங்கல் குறிப்பு: 14ஆம் அத்தியாயத்தில் முக்கோணம் படுத்துவிடுகிறது

அரைப்புள்ளி (இழையைத் தொடங்கியவர்)

அங்கத நாவல் ஒன்று, முதல் வரைவு முடிந்த நிலையில். 34 அத்தியாயம், 61,000 சொல். படித்த மூன்று பேரும் 13 வரை ஓரத்தில் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். 14க்கு அப்புறம் குறிப்பே இல்லை, கடைசியில் "நல்லா இருக்கு". அதற்கு என்ன அர்த்தம் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கதை இது. சபாபதி சரக்குக் கப்பலில் இரண்டாம் பொறியாளர். முதலாளி கப்பலைக் கைவிட்டுவிட, ஒரு வேற்று நாட்டுத் துறைமுகத்தில் 11 மாதம் மாட்டிக்கொள்கிறார். அதே முதலாளியின் இன்னொரு கப்பல் மூழ்குகிறது. பணியாளர் பட்டியல் மாறிப்போய் இறந்தவர்கள் வரிசையில் இவர் பெயர் ஏறிவிடுகிறது. திரும்பி வந்து பார்த்தால் சுவரில் இவர் படம், படத்தோடு அந்நியோன்னியமாக மனைவி கோமதி. இறந்த சபாபதி பொறுமைசாலி, பாடுவார், பாத்திரம் கழுவுவார். இரங்கல் குறிப்பில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. உயிரோடு வந்த சபாபதிக்கு இதில் ஒன்றும் வராது. தன் இரங்கல் குறிப்போடு போட்டி போட்டு மனைவியைத் திரும்ப அடைய வேண்டும். இதற்கு நடுவில் பதிவு அலுவலக எழுத்தர் தணிகாசலம், உயிரோடு இருப்பதற்குச் சான்று கேட்டு அலைக்கழிக்கிறார்.

நடு ஏன் விழுகிறது?

---

குறட்டை

மூன்று மூலை, இரண்டு ஆள். சிக்கனமான முக்கோணம்.

---

கத்தரிக்கோல்

கருத்து சொல்வதற்கு முன் ஒரு கணக்கு வேண்டும். ஒரு தாளை எடுத்து நான்கு பத்தி போடுங்கள்: சபாபதி–கோமதி, கோமதி–படம், சபாபதி–அலுவலகம், மூன்று மூலையும் ஒரே அறையில். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரே ஒரு கோடுதான். "இதுவும் இருக்கு, அதுவும் இருக்கு" என்று இரண்டில் போடக்கூடாது. அந்த அத்தியாயத்தில் யாருக்கும் யாருக்கும் இடையில் ஏதாவது மாறுகிறதோ, கோடு அங்கே.

---

அரைப்புள்ளி

போட்டாயிற்று.

சபாபதி–கோமதி: 9
கோமதி–படம்: 4
சபாபதி–அலுவலகம்: 21
மூன்றும் ஒன்றாக: 0

---

கத்தரிக்கோல்

உங்களிடம் இருப்பது அலுவலகத்தைப் பற்றிய கேலி நாவல், அதில் ஒரு குடும்பம் அவ்வப்போது தலைகாட்டுகிறது. 21 அத்தியாயம் ஒரு சன்னல், ஒரு எழுத்தர். எவ்வளவு நன்றாக எழுதினாலும் எட்டாவது தடவை சன்னலுக்குப் போகும்போது "இன்றும் முடியாது" என்பது வாசகருக்கு முன்கூட்டியே தெரியும். விடை தெரிந்த காட்சியில் சிரிப்பு வராது, கொட்டாவிதான் வரும்.

அந்தக் கடைசிப் பூஜ்யம்தான் நோய். சபாபதி, கோமதி, படம் மூன்றும் ஒரே காட்சியில் ஒரு தடவைகூட மோதவில்லை. அந்தப் பத்தியில் குறைந்தது ஆறு கோடு விழ வேண்டும்.

---

திரைக்குப்பின்

கணக்கு சரி. ஆனால் மூன்றையும் ஒரே அறையில் வைத்தாலும் ஒன்று உதைக்கும். படத்துக்கு ஆசை கிடையாது. சுவரில் தொங்குவதைத் தவிர அதனால் ஒன்றும் செய்ய முடியாது. முக்கோணத்தில் மூன்றாவது ஆளுக்கும் ஏதாவது வேண்டியிருக்க வேண்டும், அதற்காக அவன் ஏதாவது செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அது சன்னலில் தெரியும் மலை மாதிரி, அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

இறந்த சபாபதிக்கு என்ன வேண்டும்? இறந்தவராகவே நீடிக்க வேண்டும். அதை அவரால் செய்ய முடியாது, அவருக்காகச் செய்ய ஆட்கள் வேண்டும். சபாபதி செத்திருந்தால் யார் யாருக்கு லாபம் என்று எழுதிப் பாருங்கள். முதலாண்டு நினைவு மலர் அச்சடிக்கும் குழு, இரங்கல் கூட்டத்தில் நன்றாகப் பேசிப் பெயர் வாங்கியவர், இழப்பீட்டுக் கோப்பை முடித்து மேசையைக் காலி செய்த அதிகாரி, வாங்கிய கடன் மறந்துபோனதில் நிம்மதியான நண்பர். இவர்கள்தான் படத்தின் கை கால். ஆனால் ஐந்து பேர் வேண்டாம், இரண்டு போதும். கூட்டம் கூடினால் முகம் மறந்துவிடும்.

நினைவு மலரை விடாதீர்கள். அதற்கு ஒரு தேதி இருக்கிறது. சபாபதி 11 மாதத்தில் வருகிறார், மலர் 12ஆம் மாதம் வெளியீடு. நாவல் முழுக்க 30 நாளில் அடங்கிவிடும். உங்கள் நடுப்பகுதியில் இல்லாதது அந்த அவசரம்தான்.

---

மூன்றாம்வரைவு

படத்துக்கே பேச்சு கொடுத்தால் என்ன? நான்கு அத்தியாயம் படத்தின் பார்வையில், தன்மை ஒருமையில். "நான் சுவரில் இருக்கிறேன். எனக்குக் கோபம் வருவதில்லை." அங்கதத்துக்கு அருமையான குரல்.

---

கத்தரிக்கோல்

வேண்டாம். படம் வாயைத் திறந்த நிமிடம் இது ஆவிக் கதை. அப்புறம் சபாபதி அதோடு வாதாடலாம், ஜெயிக்கலாம். இப்போது இருக்கும் வேடிக்கையே பதில் பேசாத ஒருவரிடம் அவர் தோற்றுக்கொண்டே இருப்பதுதான்.

---

மூன்றாம்வரைவு

பேசாமல் எதிராளி எப்படிப் புத்திசாலியாகத் தெரிவார்?

---

சிவப்புமசி

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வழி இருக்கு. படம் பேசக்கூடாது, இரங்கல் குறிப்பு பேசலாம். அது ஏற்கெனவே அச்சான உரை, நீளம் முடிந்துபோனது. 2ஆம் அத்தியாயத்தில் குறிப்பை முழுசாகக் கொடுங்க, 120 சொல்லுக்கு மிகாமல். அதுக்கப்புறம் இறந்த சபாபதி நாவல் முழுக்க அந்த 120 சொல்லைத் தாண்டி ஒரு சொல்கூடப் பேசக்கூடாது. கோமதி மேற்கோள் காட்டணும், குழுக்காரர் காட்டணும், கடைசியில் தணிகாசலமே காட்டணும்.

குறிப்பை எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் பின்னாடி ஒரு நிஜம் இருக்கணும், ஆனா கோணலா. இரண்டு வரி மாதிரிக்கு:

"எவரையும் கடிந்து பேசாதவர்." நிஜம்: வருஷத்தில் ஒன்பது மாசம் கடலில். கடிந்து பேச ஆள் வீட்டிலேயே இல்லை.

"தம் கைக்கடிகாரத்தை இளைஞர் ஒருவருக்கு அளித்தவர்." நிஜம்: சீட்டாட்டத்தில் தோற்றது.

ஒவ்வொரு வரியும் குறைஞ்சது இரண்டு தடவை திரும்பி வரணும். முதல் தடவை புகழாக, அடுத்த தடவை ஆப்பாக. திரும்பி வராத வரியை 2ஆம் அத்தியாயத்திலேயே வெட்டிடுங்க, அது சும்மா அலங்காரம்.

---

கத்தரிக்கோல்

இதற்கு என் ஓட்டு.

---

உரைகாரன்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு நான்கு நிலைக்களன், அதாவது சிரிப்பு பிறக்கும் இடம், சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். பரீட்சைக்காக மனப்பாடம் செய்துவிட்டு நாம் மறந்துபோன பட்டியல். நாவலைச் சரிபார்க்க இது கச்சிதமான கருவி. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரே ஒரு களன் கொடுத்துப் பாருங்கள்.

தணிகாசலம் மடன். உரைகாரர்கள் மடனுக்குச் சொல்லும் விளக்கம் "கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை". ஒன்றைக் கற்றுக்கொடுத்தால் பிடித்துக்கொள்வார், பிடித்ததை விடமாட்டார். அவர் கெட்டவர் இல்லை, அயோக்கியர் இல்லை, இலஞ்சம் கேட்கவும் கூடாது. கேட்டால் கொடுத்துவிட்டுப் போகலாம், கதை முடிந்தது. சபாபதி பேதைமை: உண்மையைச் சொன்னால் போதும் என்று நம்புகிறவர். கோமதிக்கு எள்ளல், அதாவது கேலி. நினைவு மலர்க் குழுத் தலைவருக்கு இளமை, அதாவது முதிர்ந்த வயதிலும் விளையாட்டுச் சாமானைப் பிடுங்கினால் அழுகிற குணம்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் 21 அத்தியாயத்திலும் எள்ளல் ஆசிரியர் கையிலேயே இருக்கும் என்று சந்தேகம். ஆசிரியரே கேலி செய்தால் பாத்திரங்களுக்கு வேலை இல்லை. அலுவலகப் பத்தி ஒன்றைப் போடுங்கள், பார்க்கலாம்.

---

அரைப்புள்ளி

15ஆம் அத்தியாயத் தொடக்கம்:

> பதிவு அலுவலகம் மனிதாபிமானமே இல்லாத இடம். அங்கே உயிருள்ள மனிதனைவிட ஒரு தாளுக்குத்தான் மதிப்பு அதிகம். தணிகாசலம் சபாபதியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

---

உரைகாரன்

சந்தேகம் சரிதான். இது வசை. அதே தொல்காப்பியத்தின் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என்று இரண்டாகப் பிரிக்கிறது. முகத்துக்கு நேரே திட்டுவது முதல் வகை, சொல்லில் பழியை மறைத்து வைப்பது இரண்டாவது. முதல் வகை ஒரு பத்தி தாங்கும், 300 பக்கம் தாங்காது.

பழிகரப்புக்குப் பாடம் வேண்டுமென்றால் புறநானூறு 95. அதியமானின் தூதாகப் போன ஔவை, தொண்டைமான் படைக்கலக் கொட்டிலைப் பார்க்கிறார். இங்கே வேல்கள் பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி அழகாக இருக்கின்றன. அங்கே எங்கள் மன்னனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி ஒடிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன. ஒரு வார்த்தை திட்டு இல்லை, முழுக்கப் பாராட்டு. கேட்டவனுக்குச் சுருக்கென்று தைத்திருக்கும்.

உங்கள் ஆசிரியர் குரலும் அலுவலகத்தைப் பாராட்ட வேண்டும். மனமாரப் பாராட்ட வேண்டும்:

> தணிகாசலம் இறந்தவர்களை மிகவும் மதிப்பவர். அவர்கள் பெயரில் ஓர் ஒற்றுப்பிழைகூட வர விடமாட்டார். சபாபதி வந்து நின்றதும் எழுந்து நின்று, "உங்க இழப்புக்கு ரொம்ப வருத்தப்படறேன்" என்றார்.
> "இழப்பு எனக்கில்ல சார். இழந்ததே என்னைத்தான்."
> "அதான் உங்ககிட்டயே நேர்ல சொல்லிடலாம்னு" என்றார் தணிகாசலம்.

---

குறட்டை

இந்தத் தணிகாசலத்திடம் நானே போய் ஒரு விண்ணப்பம் கொடுப்பேன்.

---

சிவப்புமசி

அரைப்புள்ளி, தமிழ் உங்களுக்கு இலவசமாக் கொடுக்கும் இரண்டு ஆயுதத்தை எடுக்காமலே விட்டிருக்கீங்க.

முதலாவது, சுட்டு. ஒரே மனுஷன், இறந்தா "அவர்", உயிரோட இருந்தா "இவர்". கோமதி சபாபதியோட முகத்தைப் பார்த்தே "அவர் இருந்திருந்தா இப்படிப் பேச விட்டிருக்க மாட்டார்" என்று சொல்லலாம். ஒரு விளக்கமும் வேண்டாம், வாசகர் சிரிச்சுடுவார். மரியாதையையும் பிரிச்சுக் கொடுங்க. இறந்தவருக்கு எப்பவும் "அவர்". உயிரோட இருப்பவருக்கு முதல் பத்து நாள் "இந்த ஆளு", அப்புறம் "இவரு". நாவலில் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவைதான், அது இடம் மாறணும்: சபாபதி கோவிச்சுக்கிட்டு வெளியே போயிட்டார், கோமதி படத்தைப் பார்த்து "அவர் எங்கே போனார்னு உங்களுக்குத் தெரியுமா?" என்கிறாள். முக்கோணம் திரும்பிய இடம் அது. அடிக்கோடு போடாதீங்க. அடுத்த வரியில் வேற விஷயத்துக்குப் போயிடுங்க.

இரண்டாவது, வினை. "கழுவுவார்" என்றால் நம்ம மொழியில் முன்னாடி வழக்கமாகக் கழுவினார் என்றும் அர்த்தம், இனிமே கழுவப்போகிறார் என்றும் அர்த்தம்.

> "அவர் தினம் பாத்திரம் கழுவுவார்" என்றாள் கோமதி, வந்தவர்களிடம்.
> சபாபதிக்கு அது பழைய சங்கதியா, இனிமேல் வேலையா என்று புரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

புகழெல்லாம் ஆணையா மாறுது. இரங்கல் குறிப்பையே இந்த -வார், -வார் வாக்கியங்களில் எழுதினா, அது சபாபதிக்கு வேலைப் பட்டியல் ஆயிடும். தமிழ் தர்ற வசதி இது, விட்டுடாதீங்க.

---

மூன்றாம்வரைவு

இங்கேதான் 14ஆம் அத்தியாயத்துக்கு விடை என்று நினைக்கிறேன். பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரெனே ஜிரார் 1961ல் எழுதிய கோட்பாடு: நாம் ஒன்றை நேராக ஆசைப்படுவதில்லை, இன்னொருவர் ஆசைப்படுவதைப் பார்த்து ஆசைப்படுகிறோம், அதனால் ஆசை எப்போதுமே முக்கோணம். கோமதிக்கு இறந்தவர் மேல் பிரியம் கூடுவது ஊரே புகழ்வதால். சபாபதிக்குக் கோமதி மேல் பிரியம் கூடுவது அவள் வேறொருவரை நேசிப்பதால். அந்த வேறொருவர் தானே என்பது அவருக்கு ஆறுதலாக இல்லை.

---

கத்தரிக்கோல்

கோட்பாடு சரி. 14ல் காலையில் எழுந்து சபாபதி என்ன செய்வார்?

---

மூன்றாம்வரைவு

குறிப்பைப் பார்த்து நடிக்கத் தொடங்குவார். 14ல் பாத்திரம் கழுவுகிறார். 15ல் பாடுகிறார். 16ல் கடிந்து பேசாமல் இருக்க முயன்று பல்லைக் கடிக்கிறார். 17ல் கோமதி சொல்கிறாள்: "தயவுசெஞ்சு அவரை மாதிரி நடிக்காதீங்க. எனக்குப் பிடிக்கல."

---

கத்தரிக்கோல்

ம். இது காட்சி. ஒத்துக்கொள்கிறேன்.

அந்த நான்கு அத்தியாயத்திலும் ஒரே ஏணி இருக்கக்கூடாது. பாத்திரத்தில் பாதி வெற்றி, பாட்டில் படுதோல்வி, பல்லைக் கடிப்பதில் முழு வெற்றி, அதனாலேயே 17ல் அடி. தோல்வி, தோல்வி, தோல்வி என்று போனால் வாசகர் பரிதாபப்படத் தொடங்குவார். பரிதாபம் வந்த இடத்தில் சிரிப்பு வெளியே போய்விடும்.

இன்னொன்று, உயிர்வாழ் சான்று நகைச்சுவை எத்தனை தடவை வருகிறது?

---

அரைப்புள்ளி

11.

---

கத்தரிக்கோல்

நான்கு போதும். திரும்பி வரும் நகைச்சுவைக்கு ஒரு பேரேடு வையுங்கள்: எந்த அத்தியாயம், போன தடவைக்கும் இதற்கும் என்ன மாறியது, இந்தத் தடவை யார் கை மேலே. மூன்றாம் பத்தி காலியாக இருந்தால் அந்த வருகையை வெட்டலாம். முதல் தடவை அறிமுகம். இரண்டாவது, வாசகர் எதிர்பார்க்கும் இடத்தில். மூன்றாவது, எதிர்பாராத ஆள் வாயில்: கோமதியே சான்று கேட்கட்டும். நான்காவது தடவை யாருக்காவது வலிக்க வேண்டும். ஐந்தாவது வேண்டாம்.

---

நங்கூரம்

கப்பல் பகுதி பற்றி மட்டும். கைவிடப்பட்ட கப்பல் என்பது நம்பக்கூடியதுதான், நிஜமாகவே நிறைய நடக்கிறது. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைக்கு 2014ல் கொண்டுவந்த திருத்தம் 2017 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. முதலாளி ஊருக்கு அனுப்பும் செலவைத் தராவிட்டாலோ, உணவு, தண்ணீர், எரிபொருள் என்று தேவையானதைத் தராமல் விட்டாலோ, குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் நிறுத்தினாலோ அது "கைவிடல்". பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் கடல்சார் அமைப்பும் சேர்ந்து இதற்கு ஒரு தரவுத்தளமே வைத்திருக்கின்றன.

அங்கேதான் உங்களுக்குச் சங்கடம். தரவுத்தளத்தில் ஏறிவிட்டால் சபாபதியை யாராவது தேடி வந்துவிடுவார்கள். ஆகவே முதலாளி சொற்பத் தொகையை அவ்வப்போது அனுப்பி, "கைவிடல்" ஆகாதபடி இழுத்தடிக்க வேண்டும். அது நடக்கிற காரியம்தான்.

இரண்டாவது ஓட்டை, தொலைபேசி. கப்பலில் மின்னாக்கி நின்றுபோனாலும் 11 மாதத்தில் ஒரு தடவைகூட வீட்டுக்குப் பேசவில்லை என்றால் யாரும் நம்பமாட்டார்கள். யாராவது ஒருவர் கரைக்குப் போய்வருவார், கைப்பேசி கிடைக்கும்.

---

குறட்டை

பேசட்டுமே. செத்தவர் எண்ணிலிருந்து கூட வேண்டாம், தெரியாத வெளிநாட்டு எண். "நான்தான் பேசறேன், உயிரோட இருக்கேன், கொஞ்சம் பணம் அனுப்பு." யார் நம்புவார்? மோசடி என்று எண்ணை முடக்கிவிடுவாள்.

---

திரைக்குப்பின்

குறட்டை, விளையாட்டாகச் சொன்னீர்களோ என்னவோ, நாவலின் அச்சாணியே இதுதான். அழைப்பு வந்தது. குரலைக் கேட்டாள். முடக்கினாள். குரல் அடையாளம் தெரிந்ததா, தெரியவில்லையா? இதை முதல் பாதியில் சொல்லவே கூடாது. 3ல் சபாபதி வாயால் சிரிப்பாக வரட்டும் ("என் எண்ணையே முடக்கிட்டா"). 20க்கு மேல் அதே சம்பவம் கோமதி பக்கமிருந்து.

அப்புறம், தற்செயல் கணக்கு. பட்டியல் மாறியது ஒரு தற்செயல். நாவலாசிரியருக்கு ஒன்று இலவசம், அதையும் முதல் அத்தியாயத்திலேயே செலவழித்துவிட வேண்டும். வேறு எதுவும் தற்செயலாக நடக்கக்கூடாது.

---

மூன்றாம்வரைவு

செத்ததாக நினைத்தவன் திரும்பி வருவது பழைய கரு, அது தெரிந்தே எழுதுங்கள். பிரெஞ்சு எழுத்தாளர் பால்சாக் 1832ல் எழுதினார், இத்தாலிய எழுத்தாளர் பிரான்டெல்லோ 1904ல். இரண்டிலும் திரும்பி வரும்போது மனைவி வேறொருவரை மணந்திருப்பாள். கோமதி மணக்கவில்லை, அது உங்கள் புதுசு. அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுத்து இரண்டாவது மாப்பிள்ளை யாரையாவது உள்ளே கொண்டுவந்துவிடாதீர்கள்.

---

சிவப்புமசி

எனக்கு ஒரே ஒரு கேள்வி பாக்கி. இரங்கல் குறிப்பை எழுதினது யாரு?

---

அரைப்புள்ளி

2ஆம் அத்தியாயத்தில் "கப்பல் நிறுவனத்திலிருந்து வந்தது" என்று ஒரு வரி இருக்கிறது. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

---

சிவப்புமசி

அந்த வரியை மாத்துங்க. கோமதி எழுதினது.

நிறுவனத்துக்காரனுக்குப் பாத்திரம் கழுவுவது எப்படித் தெரியும்? கடிகாரம் எப்படித் தெரியும்? வீட்டுக்குள்ள இருந்தவங்கதான் அதை எழுத முடியும். 22 வருஷக் கல்யாணம், வருஷத்துக்கு மூணு மாசம் புருஷன். மீதி ஒன்பது மாசமும் அவள் மனசுக்குள்ளயே ஒரு சபாபதியை வளர்த்திருக்கா. 120 சொல்லில் முதல் தடவை அவனை வெளியே விட்டா. ஊரே கைதட்டுச்சு. மலர்க் குழு "யார் எழுதினது, பிரமாதம்" என்றது. இவள் "நிறுவனத்திலிருந்து வந்தது" என்று சொல்லிட்டா. அப்ப 2ஆம் அத்தியாய வரி அப்படியே நிக்கலாம், ஆனா கோமதி சொல்ற பொய்யா.

இப்ப மூணாவது மூலைக்கு உயிர் வந்துடுச்சு பாருங்க. அவள் நேசிப்பது புகழ்ச்சியை மட்டுமில்ல, தன் கையெழுத்தை. புருஷன் உயிரோட வந்து நின்னா அவளோட ஒரே படைப்பு பொய்யாயிடும். எண்ணை முடக்கினதுக்கும் இது காரணமாகலாம், நீங்க சொல்லவே வேண்டாம். 17ல் "அவரை மாதிரி நடிக்காதீங்க" என்பது ஒரு எழுத்தாளரோட கோபம். தன் பாத்திரத்தை ஒருத்தன் மேடையில் கெடுக்கிறான்.

---

திரைக்குப்பின்

படத்துக்குக் கை கால் தேடி நான் மலர்க் குழுவுக்கு ஓடினேன். கை வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

---

உரைகாரன்

அப்படியானால் கோமதிக்கு எள்ளல் என்று நான் கொடுத்ததும் பொருந்துகிறது. அந்த 120 சொல்லே பழிகரப்பு அங்கதம். "எவரையும் கடிந்து பேசாதவர்" என்பதை ஊர் புகழ் என்று படிக்கிறது. எழுதியவளுக்கு அது வீட்டில் ஆளே இல்லாததைப் பற்றிய வசை. 22 வருடப் பழியை மலர் அச்சாளர்கள் தங்க மையில் அடிக்கப்போகிறார்கள்.

---

அரைப்புள்ளி

இதற்கு நாவலின் பாதியை மாற்றி எழுத வேண்டும்.

---

கத்தரிக்கோல்

பாதி இல்லை. கணக்கு போடுகிறேன். அலுவலகம் 21லிருந்து 10. சபாபதி–கோமதி 8. கோமதி–படம் அதே 4, அதில் ஒன்று அவள் குறிப்பை எழுதிய இரவு, 22ஆம் அத்தியாயத்தில் வைக்கலாம். மூன்றும் ஒன்றாக 6. மொத்தம் 28. உங்கள் அத்தியாயம் சராசரி 1,800 சொல், ஆக 50,000 சொச்சம். நகைச்சுவை நாவலுக்கு அந்த நீளம்தான் அழகு.

எழுதும் வரிசை முக்கியம். 1லிருந்து தொடங்காதீர்கள், தொடங்கினால் நன்றாக இருக்கும் 13ஐயும் கெடுத்துவிடுவீர்கள். முதலில் 120 சொல் குறிப்பு. அது நிற்கும்வரை வேறு எதையும் தொடாதீர்கள். அடுத்தது எழுதிய இரவு. அடுத்தது மூன்றும் ஒன்றாக வரும் ஆறு. அதன் பிறகு அலுவலகத்தில் 11ஐ வெட்டுங்கள். கடைசியாகத்தான் முதல் 13ல் விதை ஊன்றுவது, அதுவும் அத்தியாயத்துக்கு ஒரு வரிக்கு மேல் வேண்டாம்.

முடிவு இப்போது எப்படி இருக்கிறது?

---

அரைப்புள்ளி

நீதிமன்றம் சபாபதி உயிரோடு இருக்கிறார் என்று தீர்ப்பு சொல்கிறது. படியில் இறங்கும்போது கோமதி கையைப் பிடிக்கிறாள்.

---

கத்தரிக்கோல்

வெட்டுங்கள். 28 அத்தியாயம் தாள்களைக் கேலி செய்துவிட்டு ஒரு தாளால் கதையை முடிப்பதா?

---

திரைக்குப்பின்

மலரின் அச்சுப்படி திருத்துவதற்காக வீட்டுக்கு வருகிறது என்று வையுங்கள். ஒரே தாள், இரண்டு தலை. மூன்று மூலையும் ஒரு மேசையில்.

> "'பாத்திரம் கழுவுவார்' இத எடுத்துடு."
> "இருக்கட்டும்."
> "பொய் இல்லையா?"
> "வினைமுற்றுதான். எந்தக் காலம்னு யார் கேட்கப்போறா."

இதோடு நிறுத்திவிட வேண்டும். சபாபதி எழுந்து போய்ப் பாத்திரம் கழுவக்கூடாது. குழாய் திறக்கும் சத்தம்கூடக் கேட்கக்கூடாது. அதுவரைக்கும் கட்டிவந்த அங்கதம் அந்த ஒரு சத்தத்தில் குடும்பக் கதையாகிவிடும்.

---

மூன்றாம்வரைவு

அவருக்குச் சான்று கிடைத்ததா இல்லையா?

---

திரைக்குப்பின்

தணிகாசலம் ஒரு வழி கண்டுபிடித்திருப்பார். இறந்தவரின் வாரிசாக விண்ணப்பித்தால் உடனே கிடைக்கும். சபாபதி கையெழுத்துப் போட்டிருப்பார். இதெல்லாம் 26லேயே முடிந்துவிட வேண்டும், கடைசி அத்தியாயத்துக்குள் அலுவலக வாடையே வரக்கூடாது.

---

அரைப்புள்ளி

சரி, குறிப்பிலிருந்து தொடங்குகிறேன். சுட்டு மாற்றத்தைப் பழைய 13 அத்தியாயத்திலும் செய்ய வேண்டும். உயிரோடிருக்கும் சபாபதியைக் கோமதி சொல்லும் இடங்களில் எல்லாம் "அவர்" என்றுதான் இருக்கிறது. தேடி மொத்தமாக "இவர்" என்று மாற்றிவிடலாமா?

---

சிவப்புமசி

ஐயோ, மொத்தமா மாத்தாதீங்க. ஒவ்வொண்ணா நின்னு பார்த்து மாத்துங்க. "அவர்கள்" எல்லாம் "இவர்கள்" ஆயிடும். "அவரை", "அவரால்", "அவருக்கு" இதில் எல்லாம் ர் இருக்காது, ர-தான் இருக்கும், புள்ளி வெச்சுத் தேடினா சிக்காது. "வந்தவர்", "போனவர்" இதெல்லாமும் சிக்காது, அதில் அ எழுத்தே தனியா இல்லை. சரி என்று புள்ளியை எடுத்துட்டு "அவர" என்று தேடினீங்கன்னா, "அவரவர் வேலை" "இவரவர் வேலை" ஆயிடும், 6ஆம் அத்தியாயத்தில் யாராவது அவரைக்காய் நறுக்கிட்டிருந்தா அது "இவரைக்காய்" ஆயிடும்.

---

அரைப்புள்ளி

6 இல்லை, 9. ஆகிவிட்டது.

---

குறட்டை

திருத்தாதீங்க. தணிகாசலம் தட்டச்சு செய்த படிவத்தில் போட்டுடுங்க.